கன்னியாகுமரிக்கு விடியற்காலையில் காரில் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்

நான் தக்கலைக்காரன். கன்னியாகுமரி எங்களுக்கு 35 கிலோமீட்டர்தான். சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை போயிருக்கிறேன், ஆனால் பெரும்பாலும் பஸ்ஸில், இல்லையென்றால் பைக்கில். அதனால் கார் நிறுத்துவது ஒரு பிரச்சினையாக எனக்குத் தோன்றியதே இல்லை. போன டிசம்பர் கடைசியில் தோன்றியது. அன்றைக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அரையாண்டு விடுமுறைக்குக் கோவையிலிருந்து அக்காவும் அத்தானும் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். கூடவே அத்தானின் அம்மா. அத்தைக்கு 74 வயது. முழங்கால் வலி, சர்க்கரை. குமரியில் சூரியன் உதிப்பதைப் பார்க்கவேண்டும் என்பது அவருக்குப் பல வருஷத்து ஆசை. அந்த மாதத்தில் உதயம் ஆறரை மணி வாக்கில்தான், ஆனாலும் கூட்டம் இருக்கும் என்று நாலு மணிக்கே அத்தானின் காரில் கிளம்பிவிட்டோம். நாகர்கோவில், சுசீந்திரம் தாண்டி ஊருக்குள் நுழையும்போது மணி ஐந்து ஆகவில்லை. அதற்குள் ரோட்டின் இரண்டு பக்கமும் ஐயப்ப பக்தர்களின் வேன்களும் பஸ்களும் நிற்கின்றன. கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா நம்பர்கள். சபரிமலைக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர்கள் குமரிக்கு வந்து குளித்து அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் ஊருக்குப் போவார்கள். கார்த்திகையில் தொடங்கித் தை முதல் வாரம்வரை இந்தச் சீசன்தான்.

கடற்கரைக்குத் திரும்பும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பையன் டார்ச் அடித்துக் காரை மறித்தான். மினுங்குகிற பச்சை ஜாக்கெட், வாயில் விசில். நாங்கள் எல்லாரும் அவனைப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் ஆள் என்றே நினைத்தோம்.

“முன்னால போகாதீங்கண்ணே, பீச் ரோடு அடைச்சாச்சு. பார்க்கிங் எல்லாம் ஃபுல். இந்தச் சந்துக்குள்ள போடுங்க, அஞ்சு நிமிஷ நடைதான்.”

பின்னால் ஹாரன் சத்தம். யோசிக்க நேரமில்லை. அத்தான் வண்டியைச் சந்துக்குள் விட்டார். உள்ளே மதில் கட்டிய ஒரு விளை (தோப்பு நிலத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்), நாலைந்து தென்னை, மற்றபடி மணல் தரை. ஏற்கெனவே இருபது வண்டி நிற்கிறது. ஒரு குழல் விளக்கு, அதன் கீழே ஸ்டூல் போட்டு ஒருவர். 200 ரூபாய் கேட்டார். அதிகம்தான். ஆனால் சீசன், விடியப்போகிறது, அத்தையைக் கூட்டிக்கொண்டு நடக்கவேண்டும். கொடுத்துவிட்டோம். ஒரு இளஞ்சிவப்புச் சீட்டைக் கிழித்துத் தந்தார்.

அப்புறம் கேட்டார்: “சாவியைக் குடுத்துட்டுப் போங்க சார். வண்டி நெருக்கி விட வேண்டியிருக்கும்.”

எனக்கு மனசு ஒப்பவில்லை. “அத்தான், சாவி வேண்டாமே” என்று மெதுவாகச் சொன்னேன். “எல்லாரும்தானே மாப்பிள்ளை குடுத்திருக்காங்க” என்றார். உண்மைதான், ஆணியில் வரிசையாகச் சாவிகள் தொங்கின. நான் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டும்.

உதயம் நன்றாகவே கிடைத்தது. கொஞ்சம் மேகம் இருந்தாலும் அத்தை கண் நிறையப் பார்த்துவிட்டு, கைகூப்பி நின்றார். பிறகு பகவதி அம்மன் கோயில், அது முடிந்து படகுக்கு வரிசை. வெளியூர்க்காரர்கள் ஒன்றைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். படகு எட்டு மணி வாக்கில்தான் ஓடத் தொடங்கும். சீசனில் வரிசை நீளும். முன்பெல்லாம் விவேகானந்தர் பாறையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களே அதிகம். 2024 டிசம்பர் 30-ல் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு பாறையிலிருந்து 77 மீட்டர் நடந்து வள்ளுவர் சிலைக்கும் எல்லாரும் போகிறார்கள். போகவேண்டியதுதான், பிள்ளைகள் கீழே அலை அடிப்பதைப் பார்த்துப் பார்த்து நகரவே மாட்டேன் என்றார்கள். ஆனால் இரண்டு மணி நேரத்தில் முடியும் என்று நினைத்து வருகிற இடத்தில் ஆறு, ஏழு மணி நேரம் ஆகிவிடுகிறது. கரைக்கு வந்து அந்த விளையை அடையும்போது மணி பன்னிரண்டே கால்.

ஸ்டூலில் வேறு ஆள். சீட்டை வாங்கிப் பார்த்தார். “இன்னும் 600 குடுங்க.”

எதற்கு என்று கேட்டோம். காலையில் வாங்கிய 200 இரண்டு மணி நேரத்துக்காம். அப்புறம் மணிக்கு நூறாம். காலையில் யாரும் இதைச் சொல்லவில்லை, எங்கும் எழுதி வைக்கவும் இல்லை. அப்போதுதான் அந்தச் சீட்டை வெளிச்சத்தில் ஒழுங்காகப் பார்த்தேன். மேலே ‘வாகன நிறுத்தக் கட்டணம்’ என்று அச்சு. அதற்குக் கீழே வண்டி எண், தேதி, நேரம் என்று புள்ளிக்கோடுகள். மூன்றும் காலி. தொகைகூட எழுதவில்லை. வரிசை எண் கிடையாது. மூலையில் ஒரு ரப்பர் ஸ்டாம்பு, மை பரவி ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. அடியில் மட்டும் தெளிவாக ‘பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’. எந்த நிர்வாகம் என்று எங்கும் இல்லை.

நான் உள்ளூர்க்காரன் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கண் எங்கள் கோவை நம்பர் பிளேட்டில் இருந்தது. “உள்ளூரோ வெளியூரோ, எல்லாருக்கும் ஒரே ரேட்டுதான். வேணும்னா புகார் குடுங்க, வண்டி நிக்கட்டும், மணிக்கு நூறு ஓடும்” என்றார். எங்கள் காருக்கு முன்னால் ஒரு வேனைக் குறுக்கே விட்டிருந்தார்கள். அதை எடுக்கச் சொன்னால் “டிரைவர் வரணும், எப்ப வருவாரோ” என்று பதில். சாவி அவர்களிடம். அத்தையின் மதிய மாத்திரை, தண்ணீர், சாப்பாட்டுப் பை எல்லாம் காருக்குள். உச்சி வெயிலில் அத்தை ஒரு தென்னையில் சாய்ந்து நின்றார். முகம் வெளிறிப் போயிருந்தது. அக்கா தன் முந்தானையால் அவருக்கு விசிறிக்கொண்டே என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. எங்கள் ஊரைப் பார்க்க வந்தவர்கள், என் பொறுப்பில் வந்தவர்கள்.

அத்தான் 500 எடுத்துக் கொடுத்தார். ஸ்டூல்காரர் எண்ணி வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். அதே சட்டைப்பையிலிருந்து வேனின் சாவியை எடுத்து இரண்டே நிமிஷத்தில் அதை நகர்த்தினார். டிரைவருக்காகக் காத்திருக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. எங்கள் காரில் டிரைவர் சீட் பின்னால் தள்ளப்பட்டிருந்தது. கியருக்குப் பக்கத்தில் போட்டிருந்த சில்லறை இல்லை. பின்கதவில் ஒரு நீளக் கீறல். கீறலைக் காட்டினால், அவர் விரல் அந்தச் சீட்டின் கடைசி வரிக்குப் போகிறது.

வெளியே வந்து, சந்து முனைச் சாயாக்கடையில் அத்தைக்கு மாத்திரை போட உட்கார்ந்தோம். கடைக்கார அக்கா முகத்தைப் பார்த்தே கேட்டார். சொன்னோம். “சீசன் முடியுறது வரைக்கும் இதுதான் மக்களே நடக்கு. கொஞ்சம் தள்ளிப் போனா போர்டு வச்ச பார்க்கிங் இருக்கே” என்றார். போய்ப் பார்த்தேன். ஐந்நூறு மீட்டர்கூட இல்லை. கட்டணப் பலகை இருந்தது. வண்டி எண் எழுதி ரசீது கொடுக்கிறார்கள். நாங்கள் கொடுத்த 700-ல் பாதிகூட ஆகியிருக்காது. விடியற்காலையில் அங்கே இடம் இருந்ததா என்று கேட்டேன். ஆறு மணிவரை இருந்தது என்றார்கள். பீச் ரோட்டை அடைத்ததுகூட எட்டு மணிக்கு மேல்தானாம்.

இந்த ஏமாற்று நடப்பதே உதயத்தின் அவசரத்தை வைத்துத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இருட்டு. வானம் வெளுத்துவிடுமோ என்ற பதற்றம். பின்னால் ஹாரன். யாராவது கை காட்டினால் போதும் என்று இருக்கும். திரும்பி வரும்போது களைப்பு, பசி, அழுகிற பிள்ளைகள், வயசானவர்கள். சண்டை போட எவருக்கும் தெம்பு இருக்காது. இந்த இரண்டு நேரத்தையும் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

அதனால் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஜாக்கெட்டையும் விசிலையும் நம்பவேண்டாம், அவை எந்தக் கடையிலும் கிடைக்கும். போலீஸ் தடுப்பு இருக்கும் இடத்தில் போலீஸ்காரரிடமே கேளுங்கள், சரியாக வழி சொல்வார்கள். இன்ஜினை அணைக்கும் முன்பே மொத்தம் எவ்வளவு, எத்தனை மணி நேரத்துக்கு என்று கேளுங்கள். ரசீதில் வண்டி எண், நேரம், தொகை மூன்றையும் உங்கள் கண் முன்னால் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வண்டியைத் திருப்பிவிடுங்கள். நிறுத்திய இடத்தையும் வண்டியின் நாலு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். சாவியை மட்டும் எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். எங்களை மடக்கியதே அதுதான். சாவி கையில் இருந்திருந்தால் குறைந்தது அத்தையையாவது காருக்குள் உட்காரவைத்திருக்கலாம். மாத்திரை, தண்ணீர் இரண்டும் கைப்பையில் கூடவே வரட்டும். வண்டியை மறித்து வைத்து மிரட்டினால் 112 என்ற அவசர உதவி எண்ணுக்கு அழையுங்கள். நான் அந்த நேரத்தில் அதைச் செய்யத் தவறினேன். பில் இல்லாமல் கூடுதலாக வாங்கியதற்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

செலவைக் குறைக்க நினைத்தால் வேறு வழியும் உண்டு. நாகர்கோவிலில் தங்குகிறவர்கள் வண்டியை லாட்ஜிலேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் போகலாம், கன்னியாகுமரிக்கு அடிக்கடி பஸ் இருக்கிறது. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலும் அதே வழிதான். குமரியிலேயே ரூம் போடுகிறவர்கள், பார்க்கிங் உண்டா, அதற்குத் தனிக் காசா என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். படகுக்குப் போகிற எண்ணம் இருந்தால், மணிக்கணக்கில் வாங்கும் இடத்தில் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். நாள் கட்டணம் எங்கே என்று தேடுங்கள். சித்ரா பௌர்ணமி அன்று மாலை சூரியன் ஒரு பக்கம் இறங்க, நிலா மறுபக்கம் ஏறுவதைப் பார்க்க இதே மாதிரி கூட்டம் வரும். அன்றைக்கு நான் அத்தையைப் பஸ்ஸில்தான் கூட்டிப்போகப் போகிறேன்.

சீட்டின் படம், வேனின் நம்பர், நேரம் எல்லாம் சேர்த்து எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறேன். வாங்கிக்கொண்டார்கள், இதே மாதிரி இன்னும் இரண்டு பேர் எழுதிக்கொடுத்தால் வலுவாக இருக்கும் என்றார்கள். மதில் கட்டிய அந்த விளையில் வண்டி விட்டு, வண்டி எண் எழுதாத இளஞ்சிவப்புச் சீட்டு வாங்கியவர்கள் யாராவது இருந்தால், அதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். தேதியையும் கொடுத்த தொகையையும் பின்பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு, தயவுசெய்து ஒரு புகார் கொடுங்கள்.