ஆறு பெரிய பேனலா, எட்டுச் சின்னப் பேனலா?

போன மாதம் தஞ்சாவூரிலிருந்து அக்கா இரண்டு கொட்டேஷனை வாட்ஸப்பில் அனுப்பினாள். இரண்டுமே 3 கிலோவாட் மொட்டை மாடி சோலாருக்கு. ஒன்றில் 550 வாட் பேனல் ஆறு, இன்னொன்றில் 410 வாட் பேனல் எட்டு. பின்னாலேயே போன் வந்தது. "நீதானே உன் வீட்டுல போட்டிருக்க, எது நல்லதுன்னு சொல்லு." முதல் ஆள் "பெரிய பேனல்தான் கரன்ட் அள்ளிக் கொட்டும்" என்றாராம். இரண்டாம் ஆள் "சின்னதுதான் நம்ம வெயிலுக்குத் தாங்கும்" என்றாராம். இரண்டுமே வியாபாரப் பேச்சு.

முதலில் ஒரு பெருக்கல் போட்டுவிடலாம். இப்போது கடையில் கிடைக்கும் இந்த ரகப் பேனல்கள் பெரும்பாலும், வெயிலைக் கரன்ட்டாக்கும் வில்லையான 182 மி.மீ. செல்லை இரண்டாக வெட்டிச் செய்தவை. 550 வாட் பேனலில் 144 அரை செல், 410 வாட் பேனலில் 108 அரை செல். ஆறு பெரியதிலும் சேர்த்து 864. எட்டுச் சின்னதிலும் சேர்த்து அதே 864! ஒரே அரிசியை 25 கிலோ சிப்பமாகவும் 10 கிலோ பையாகவும் கட்டி விற்கிற கதைதான்.

மற்ற கணக்கும் இதையேதான் சொல்லும். பெரிய பேனல் ஒன்று 2278க்கு 1134 மி.மீ., அதாவது ஏழரை அடி உயரம், மூணே முக்கால் அடி அகலம். சின்னது 1722க்கு 1134. அகலம் அதேதான், உயரம் மட்டும் 5 அடி 8 அங்குலம். ஆறு பெரியதுக்கு 167 சதுர அடி வேண்டும், எட்டுச் சின்னதுக்கு 168. எடை இரண்டிலுமே 170 கிலோவை ஒட்டித்தான். வரிசையாகக் கோத்தால் வெயிலில் இரண்டு கூட்டமும் ஏறக்குறைய 250 வோல்ட், 13 ஆம்பியர் தரும். இன்வெர்ட்டருக்கு, மாடியில் ஆறு இருக்கிறதா எட்டு இருக்கிறதா என்றே தெரியாது.

வெயில் விஷயமும் அப்படித்தான். செல்லின் சூடு 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் மோனோ பெர்க் என்ற செல் வகை சுமார் 0.35 சதவீதம் கரன்ட்டை இழக்கும், டாப்கான் என்ற வகை 0.30 அளவில் இழக்கும். சித்திரை மதியம் செல் 65 டிகிரியைத் தொட்டால் மோனோ பெர்க்கில் 14 சதவீதம் போயிற்று. இதில் பேனலின் அளவுக்கு வேலையே இல்லை. எந்த வகைச் செல், அடியில் காற்று ஓட இடம் விட்டிருக்கிறார்களா, இந்த இரண்டும்தான் கேள்வி.

அப்புறம் எதை வைத்து முடிவு செய்வது? என்னைக் கேட்டால் டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போக வேண்டும். கொட்டேஷனை அப்புறம் பார்க்கலாம்.

அக்கா வீட்டு மாடியில் வடக்குப் பக்கம் முழுக்க ஹெட் ரூம், தண்ணீர்த் தொட்டி, ஒரு பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷெட். மிச்சம் இருப்பது தெற்கே கைப்பிடிச் சுவரை ஒட்டி 31 அடி நீளம், 6 அடி அகலத்தில் ஒரு பட்டை. ஏழரை அடிப் பேனலை அங்கே நெட்டுக்குத்தாக வைக்க வழியில்லை. படுக்கப் போட்டால் நீளவாக்கில் நான்குதான் பிடிக்கும். ஆக 2200 வாட். சின்னப் பேனலை நெட்டுக்குத்தாக அடுக்கினால் கிளாம்ப் இடைவெளியும் சேர்த்து எட்டும் 30 அடி 3 அங்குலத்தில் அடங்கிவிடுகின்றன. 3280 வாட். இடம் அதேதான், வித்தியாசம் ஒரு கிலோவாட்டுக்கு மேல். முதல் கொட்டேஷன் கொடுத்தவர் மாடிக்கே ஏறவில்லை என்பது இங்கே தெரிந்துபோயிற்று.

இது மானியத்திலும் எதிரொலிக்கும். வீட்டு மாடி சோலாருக்காக 2024இல் வந்த மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000, அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் மொத்தம் 78,000தான். பேனலின் மொத்த அளவு, இன்வெர்ட்டர் அளவு, இரண்டில் எது குறைவோ அதை வைத்துக் கணக்கு. நான்கு பெரிய பேனலோடு நின்றால் அக்காவுக்கு 63,600 வரும். எட்டுச் சின்னது என்றால் முழுசாக 78,000.

என் வீடு திருச்சியில். மாடி சதுரமாக, தடையில்லாமல் கிடக்கிறது. கொடி கட்டவும் நடமாடவும் கீழே இடம் வேண்டும் என்று எட்டடி உயரத்தில் பேனலைத் தாங்கும் ஸ்ட்ரக்சர் போட்டு, இரண்டு வருஷத்துக்கு முன் ஆறு பெரிய பேனல் ஏற்றினேன். இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று. 11 அடிக்கு 15 அடி என்று ஒரு செவ்வகம். எட்டுச் சின்னதை வரிசைக்கு நான்காக வைத்தாலும் அதே செவ்வகம்தான் வரும், பக்கவாட்டில் திருப்பி வைத்த மாதிரி. ஆனால் பெரியதில் ஒயர் இணைப்புகள் குறைவு, கிளாம்ப் குறைவு, வேலையும் ஒரே நாளில் முடிந்தது. பல வருஷம் வெயிலிலும் மழையிலும் கிடக்கப்போகிற சமாச்சாரத்தில் ஒவ்வொரு இணைப்பும் நாளைக்குக் கோளாறு வரக்கூடிய ஓர் இடம். அது குறைவது நல்லதுதான்.

நான் யோசிக்காமல் விட்டது படிக்கட்டை. மூன்றடி அகலப் படிக்கட்டு, நடுவில் ஒரு திருப்பம். 28 கிலோ ஒன்றும் பெரிய பாரமில்லை, இரண்டு பேர் தூக்கிவிடலாம். ஆனால் ஏழரை அடிக் கண்ணாடி அந்தத் திருப்பத்தில் திரும்பவே இல்லை. நிமிர்த்தினால் மேல் தளம் இடிக்கிறது, சாய்த்தால் கைப்பிடிக் கம்பி இடிக்கிறது. பத்து நிமிஷம் மல்லுக்கட்டிவிட்டு வெளியே கொண்டுபோய்க் கயிறு கட்டினார்கள். கைப்பிடிச் சுவர் மேல் இரண்டு சாக்கு, மேலே மூன்று பேர், கீழே ஒருவர். நான்காவது பேனல் ஏறும்போது காற்றில் லேசாகத் திரும்பி, அலுமினிய ஃபிரேமின் மூலை சன்ஷேடில் 'ணங்'கென்று மோதியது. மேஸ்திரி கண்ணாடியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் ஆகலை சார்" என்றார். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லைதான். உள்ளே செல்லில் மயிரிழை விரிசல் விட்டிருந்தால் தடவிப் பார்த்தா தெரியும்? அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு அதை மாற்றித் தந்தார்கள்.

சின்னப் பேனல் ஓர் ஆள் உயரம். இருபத்திரண்டு கிலோ இருக்கும். படிக்கட்டில் கதவைத் தூக்கிப்போவதுபோல் போய்விடும். சுழல் படிக்கட்டு உள்ள வீட்டுக்காரர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே சின்னதைப் பார்க்கலாம். சிலர் மாடி தாங்குமா என்றும் பயப்படுகிறார்கள். 170 கிலோ 15 சதுர மீட்டருக்குப் பரவினால் சதுர மீட்டருக்குப் பதினோரு கிலோ. ஸ்ட்ரக்சரைச் சேர்த்தாலும் நல்ல கான்கிரீட் தளத்துக்கு அது ஒரு பொருட்டில்லை.

காற்றுதான் நிஜமான பாரம். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது டெல்டாவில் தென்னை விழுந்த விழுகையை அக்கா கண்ணால் பார்த்தவள், அதனால் இந்தக் கேள்வியை அவளே கேட்டாள். கட்டடங்களுக்கான இந்தியத் தர விதிகள் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், கோவைக்கும் மதுரைக்கும் 39 என்று வைத்திருக்கின்றன. 50 மீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரைத் தோராயமாக 150 கிலோ கணக்கில் தள்ளும். சாய்வையும் உயரத்தையும் பொறுத்து இது கூடும் குறையும். அந்தக் கணக்கில் பெரிய பேனல் ஒன்றின் மேல் 390 கிலோ, சின்னதின் மேல் 300 கிலோ. மொத்தக் கூட்டத்துக்கு விழும் பாரம் ஒன்றுதான். ஆனால் பெரியதையும் நான்கு இடத்தில்தான் பிடிக்கிறார்கள், சின்னதையும் நான்கு இடத்தில்தான். ஆக, பெரியதில் ஒவ்வொரு கிளாம்ப்பும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இழுபடும். கடலோர ஊர்களில் எட்டடி ஸ்ட்ரக்சர் மேல் பெரிய பேனல் வைப்பவர்கள் கிளாம்ப்பை எந்த இடத்தில் மாட்டச் சொல்கிறது பேனல் கம்பெனி என்று பார்த்து, அங்கேதான் மாட்டுகிறார்களா என்று பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டும். இரண்டு ஓரத்திலும் கொண்டுபோய் மாட்டிவிட்டு இறங்குகிற ஆட்கள் உண்டு. ஏழரை அடிக் கண்ணாடி நடுவில் வளைந்து வளைந்து ஆடும்.

நிழல் இன்னொரு விஷயம். நிழல் பட்ட பகுதியைத் தாண்டிக் கரன்ட்டைத் திருப்பிவிடும் பைபாஸ் டையோடு பேனலுக்குள் மூன்று இருக்கும், பகுதிக்கு ஒன்றாக. ஒரு கம்பமோ தென்னை மரமோ நெடுக்காக நிழல் போட்டால் அந்த மூன்றில் ஒரு பகுதி ஒதுங்கிக்கொள்ளும். பெரியதில் அந்த மூன்றில் ஒன்று 183 வாட், சின்னதில் 137. பெரிய லாபம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சின்னதில் நிழல் விழும் மூலையை விட்டுவிட்டு அடுக்குவது சுலபம்.

நிழலைப் பார்க்கிறவர்கள் மார்கழியில் மட்டும் பார்த்துவிட்டுப் போகக் கூடாது. தஞ்சாவூர் இருக்கும் அட்சரேகையில் மார்கழி நடுப்பகலில் பத்தடித் தொட்டியின் நிழல் வடக்கே கிட்டத்தட்ட ஏழடி போகும். ஆனியில் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுவதால் அதே தொட்டியின் நிழல் தெற்கே இரண்டடிக்கு மேல் விழும். அக்கா வீட்டுப் பட்டை தொட்டிக்குத் தெற்கேதான் இருக்கிறது. அதனால் தொட்டிக்கு நேரே வரும் பேனல்களைக் கைப்பிடிச் சுவர்ப் பக்கமாக ஒட்டித் தள்ளி வைத்தோம்.

கழுவுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாப்புக் கம்பை நீட்டினால் ஐந்தே முக்கால் அடி எட்டும், ஏழரை அடிக்கு எக்க வேண்டும். போர் தண்ணீரை மட்டும் வெயிலில் ஊற்றாதீர்கள், உப்பு வெள்ளையாகப் படிந்துவிடும்.

இன்வெர்ட்டர் புதிதாக வாங்குபவர்களுக்குக் கவலையில்லை. ஏற்கெனவே பழைய இன்வெர்ட்டர் வைத்திருந்து பேனல் மட்டும் மாற்றுபவர்கள், அது எத்தனை ஆம்பியர் வாங்கும் என்று பார்க்க வேண்டும். 335 வாட் பேனல் காலத்து இன்வெர்ட்டர் சிலது 12 ஆம்பியருக்கு மேல் ஏற்காது. 210 மி.மீ. செல் போட்ட 600 வாட் ரகங்கள் 17 ஆம்பியர் தரும், அது இன்னும் மோசம்.

ஒரே ஒரு பேட்டரி வைத்து மின்வெட்டுக்காகச் சோலார் போடுகிறவர்களுக்குத் தனி எச்சரிக்கை. 12 வோல்ட் பேட்டரி, அதைச் சார்ஜ் செய்யச் சாதாரண பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர், அதில் கொண்டுபோய் 550 வாட் பேனலை மாட்டிவிட்டு "சார்ஜே ஏறலை" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கன்ட்ரோலர் 42 வோல்ட்டைப் பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்து உட்காரவைத்துவிடும். 13 ஆம்பியரை 13 வோல்ட்டால் பெருக்கினால் 170 வாட். மீதி வீண். அதற்கு 36 செல் போட்ட 165 வாட் சின்னப் பேனலே போதும். இல்லையென்றால், கூடுதல் வோல்ட்டை வீணாக்காமல் ஆம்பியராக மாற்றித் தரும் எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் வாங்கவேண்டும்.

சின்னதின் பெரிய குறை, அது கிடைப்பதில்லை. மானியம் வேண்டுமென்றால் இந்தியாவிலேயே செய்த செல் போட்ட டி.சி.ஆர். பேனல்தான் வைக்க வேண்டும். அதில் 540, 550 வாட் எந்த ஊரிலும் ஸ்டாக் இருக்கிறது. 410க்கு அக்கா மூன்று வாரம் அலைந்தாள். "வந்துரும் மேடம்" என்று முன்பணம் வாங்கிக்கொண்டு போனை எடுக்காத ஒருவரும் நடுவில் உண்டு. அதோடு பேனல் அளவுகள் சில வருஷத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கின்றன. 2023இல் ஒன்பது பேனல் நிறுவனங்கள் கூடி, பெரிய பேனலுக்கு 2382க்கு 1134 மி.மீ. என்று புது அளவு ஒன்றை ஒத்துக்கொண்டன. நாளைக்கு ஒன்று உடைந்தால் அதே அளவு கிடைக்கும் என்று நம்பக் கூடாது. வசதி இருந்தால் ஒரு பேனல் கூடுதலாக வாங்கிச் சுவரோரம் சாத்தி வைத்துவிடலாம். சின்னதுக்கு இது இன்னும் அவசியம்.

கடைசியில் அக்கா வீட்டில் எட்டும் படிக்கட்டு வழியாகவே ஏறின. ஆறடிப் பட்டையில் மிச்சம் நாலைந்து அங்குலம். வேலை முடிந்ததும் மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு அக்கா கேட்டாள், "எல்லாம் சரிடா, வடகம் எங்க காயப் போடறது?" பேனலுக்கு அடியில் நிழல். இந்த வருஷம் ஷெட்டுக் கூரை மேல்தான்.