ஏரிக்கரையில் ஓடிய ஹைபிரிட் சைக்கிள்: விலை குறைந்தும் தீராத முள் தொல்லை

நான் ஓட்டும் ஹைபிரிட் சைக்கிளின் விலையைக் குறைத்திருக்கிறார்கள், வேடந்தாங்கல், உத்திரமேரூர் பக்கம் ஊர் சுற்ற வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஃப்ரேம் சைஸ், கியர் எண்ணிக்கை எல்லாம் கடையிலேயே தெரிந்துவிடும், அதைத் திருப்பி எழுதப்போவதில்லை. செங்கல்பட்டு, மதுராந்தகம், உத்திரமேரூர் ஏரிக்கரைகளில் வருஷக்கணக்கில் ஓடிய வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியது பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: முள்.

முதலில் நியாயமாக நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீல் ஃப்ரேம் என்பதால் சரளை ரோட்டில் கை மரத்துப் போவதில்லை. முன்னால் செயின் ஓடும் சின்னப் பல்சக்கரம் 30 பல், பின்னால் பெரியது 34 பல். இந்தப் பக்கம் மலையே இல்லையே, இவ்வளவு லோ கியர் எதற்கு என்று தோன்றும். மதகுக்குப் பக்கத்தில் வயல் பாதையிலிருந்து கரைமேல் ஏறும் இடத்தில் அது புரியும். ஏறும் தூரம் பத்துப் பதினைந்து மீட்டர்தான், ஆனால் செங்குத்து, உதிரி சரளை. எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்கிச் சும்மா சுற்றும். உட்கார்ந்தபடியே மெதுவாக மிதித்து ஏற இந்த கியர்தான் வேண்டும். இரண்டு பக்கமும் பை மாட்டிய கேரியருடனும் ஏறிவிடுகிறது. மெக்கானிக்கல் டிஸ்க் பிரேக்கும் குறை சொல்ல முடியாதது. ரிம்மில் சேறு ஒட்டினாலும் பிடிக்கிறது.

கரைமேல் ஏறிவிட்டால் கிடைக்கும் சுகம் காரிலோ பைக்கிலோ வராது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் தாழ்வில் நெல் வயல், வேகம் மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஒரு ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலங்கலில் வழிந்த தண்ணீர் கால்வாயில் இறங்கி அடுத்த ஏரிக்குப் போவதைக் கூடவே ஓட்டிக்கொண்டு பார்க்கலாம். ஏரி மாவட்டம் என்று இதைச் சொல்வது ஏன் என்று அந்தத் தொடரைப் பார்த்தால் விளங்கும். மதுராந்தகம் ஏரிக்கரை நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 1790களில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் இந்த ஏரியின் உடைப்பு பற்றிக் கவலைப்பட்டதும், மழை இரவில் ராம லட்சுமணர் வில்லோடு கரையைக் காத்து நின்றதைக் கண்டதாக ஊர் சொல்வதும் கோயிலின் ஏரி காத்த ராமர் என்ற பெயரிலேயே நிற்கிறது. வேடந்தாங்கல் பறவைகளுக்கு ஊராரின் காவலை அவர் காலத்திலேயே, 1798-ல், கிழக்கிந்தியக் கும்பினி ஒப்புக்கொண்டது. இன்று வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இருக்கின்றன, இரண்டும் 2022-ல் சேர்ந்தவை.

இனி முள். இந்த ஏரிகளில் மூன்று வகை உண்டு, ஒவ்வொன்றும் டயரை வேறு விதமாகக் கெடுக்கும்.

சீமைக் கருவேலம் கரையின் இரு சரிவிலும் இருக்கும். மரத்தில் இருக்கும்வரை தொல்லையில்லை. விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் வெட்டி இழுத்துப் போகும்போது மிலாறு, அதாவது சிறு சுள்ளி, கரைமேல் உதிர்ந்து கிடக்கும், காய்ந்தபின் மண் நிறத்தில் கண்ணுக்கே தெரியாது. அடுத்தது நாட்டுக் கருவேலம். சமூகக் காடு திட்டத்தில் ஏரி உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் பக்கத்தில், நட்டது, வெள்ளை முள், ஜோடி ஜோடியாக, ஊசி போல நேராக இருக்கும். ஏரி வற்றி மரம் ஏலம் போன பருவத்தில் அந்தக் கரைப்பக்கம் சைக்கிளோடு போகவே கூடாது. லாரி ஏறி இறங்கும் பாதை முழுக்க முள்தான். மூன்றாவது நெருஞ்சி. மழை முடிந்து தரை காய ஆரம்பித்ததும் ஓரப் புல்லில் படர்ந்திருக்கும். எதிரே பஸ் வருகிறதென்று தாரிலிருந்து ஓரம் இறங்கினால் ஒரே சுற்றில் ஏழெட்டுக் காய் டயரில் ஒட்டிக்கொள்ளும்.

கருவேல முள்ளின் குணம்தான் ஆளைக் கடுப்பேற்றுவது. குத்தியவுடன் காற்று போகாது. வெளியே நீட்டியிருக்கும் பாகம் ரோட்டில் தேய்ந்து ஒடிந்துவிடும், நுனி மட்டும் ரப்பருக்குள் புதைந்திருக்கும். அரைமணி நேரம் கழித்து வண்டி கனப்பது போலிருக்கும். டியூப்பைக் கழற்றி ஒட்டுப் போட்டு மாட்டினால் அதே இடத்தில் அதே நுனி மறுபடி குத்தும். டயருக்குள் விரலை விட்டுத் தடவினால் விரல்தான் கிழியும். பழைய பனியன் துணியை உள்ளே ஓட்டினால் நூல் மாட்டும் இடத்தில் முள் இருக்கிறது. டயரை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி மடக்கிப் பிடித்தால் ஒரு கறுப்புப் புள்ளி தெரியும், எள்ளில் பாதி. நகத்துக்கு அகப்படாது. சந்தையில் விற்கும் முள்வாங்கி ஒன்று டூல் பையில் இருக்கட்டும், வேறு எதுவும் அந்த வேலைக்கு உதவாது. உள்ளிருந்து இழுக்க வரவில்லையென்றால் முள்வாங்கியின் முனையால் வெளிப்பக்கத்திலிருந்து குத்தி உள்ளே தள்ளிவிட்டு எடுக்கலாம்.

கம்பெனி மேல் கோபம் வருவது இங்கேதான். டூரிங் வண்டி என்று விற்கிற சைக்கிளுக்கு 700×35 டயர் (அகலம் 35 மி.மீ.), நடுவில் காவல் பட்டை கிடையாது, உள்ளங்கையில் அழுத்தினால் மடங்குகிற அளவுக்கு மெலிசு. பக்கவாட்டில் போட்டிருக்கும் அதிகபட்சக் காற்றழுத்த அளவை நம்பி 70 பி.எஸ்.ஐ. காற்று ஏற்றினால் டயர் விறைத்துக்கொண்டு முள்மேல் முழு பாரத்தோடு இறங்கும். போதாதென்று பிரெஸ்டா என்ற மெல்லிசு வால்வு. கிராமத்து சைக்கிள் கடையின் பம்பு பழைய நாட்டு சைக்கிள் வால்வுக்கானது, பைக் பஞ்சர் கடையின் கம்ப்ரசர் பைக் வால்வுக்கானது, பிரெஸ்டா இரண்டிலும் எளிதில் சேராது. இத்தனைக்கும் ரிம்மில் ஓட்டை பைக் வால்வு நுழையும் அளவில்தான் போட்டிருக்கிறார்கள். அதில் ஒரு பிளாஸ்டிக் வளையத்தைச் செருகி மெல்லிசு வால்வை வைத்திருக்கிறார்கள். யாருக்காக என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சரி செய்ய வழி இருக்கிறது, செலவும் இருக்கிறது. வளையத்தைக் கழற்றிவிட்டு பைக் வால்வு உள்ள டியூப் இரண்டு போடுங்கள். டயர் 700×40. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும், இல்லையென்றால் களிமண் அடைத்துச் சக்கரம் நின்றுவிடும். ஷ்வால்பே மாரத்தான் மாதிரி ரப்பர் காவல் பட்டை உள்ள டயர் நெருஞ்சியை முழுசாகவே தடுத்துவிடுகிறது, கருவேலத்தைப் பெரும்பாலும். எழுபது கிலோ ஆளுக்குப் பையோடு முன்னால் 40, பின்னால் 50 பி.எஸ்.ஐ. போதும். டியூப்புக்குள் 60 முதல் 90 மில்லி சீலன்ட், அதாவது ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம், ஊற்றலாம். பைக் வால்வின் உள்ஊசியைக் கழற்ற முடியும் என்பதால் ஊற்றுவது சுலபம். ஊற்றியவுடன் சக்கரத்தைச் சுற்றிவிட வேண்டும். நம் வெயிலில் சீலன்ட் சில மாதத்தில் காய்ந்துவிடும், ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் பாருங்கள். 60 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்றிருந்தால் ஓட்டையை அடைப்பதற்கு முன் பீய்ச்சி வெளியே வந்துவிடும்.

டயருக்கும் டியூப்புக்கும் நடுவே வைக்கும் பிளாஸ்டிக் பட்டையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். முள்ளைத் தடுக்கும், ஆனால் பட்டையின் இரண்டு முனையும் மேல்மேல் விழும் இடம் டியூப்பை அறுக்கும். வைத்தே தீர வேண்டுமென்றால் முனையை உருண்டையாக வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து, துணி டேப் சுற்றி வையுங்கள்.

ஒட்டு விஷயத்தில், தானே ஒட்டும் ஸ்டிக்கர் ஒட்டு இந்தச் சூட்டில் நிற்காது. சொல்யூஷன் ஒட்டுதான். உப்புத்தாளால் டியூப் பளபளப்பு போகும்வரை தேய்த்து, சொல்யூஷனை மெலிசாகத் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்ட பிறகே ஒட்டைப் போட வேண்டும். பாதிப் பேர் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். ஒரு முறை திறந்த சொல்யூஷன் டியூப் அடுத்த சீசனில் கல்லாகியிருக்கும், திறக்காதது ஒன்று எப்போதும் இருக்கட்டும். கிராமத்துக் கடையில் கொடுத்தால் ஸ்க்ரூடிரைவரால் டயரை நெம்ப விடாதீர்கள், உங்கள் பிளாஸ்டிக் லீவரைக் கொடுங்கள். கம்ப்ரசரில் காற்றடித்தால் கொஞ்சம் கொஞ்சமாக, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டு. சைக்கிள் டியூப்புக்கு இரண்டு மூன்று நொடியே அதிகம்.

முள்ளுக்கு அடுத்தபடி வைக்கோல். தை, மாசியில் ரோட்டில் நெல், உளுந்து, வைக்கோல் எல்லாம் பரப்பியிருக்கும். அதன்மேல் ஓட்டினால் வைக்கோல் பின் கியரின் குட்டிச் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். அப்படியே பலமாக மிதித்தால் கியர் கை ஸ்போக்குக்குள் போய், அதை ஃப்ரேமில் மாட்டியிருக்கும் ஹேங்கர் என்ற துண்டு வளையும். இறங்கித் தள்ளுங்கள். சுற்றிவிட்டால் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி உருவ வேண்டும். ஹேங்கர் மாடலுக்கு மாடல் மாறும், வண்டி வாங்கும்போதே ஒன்று கேட்டு வாங்கிவிடுங்கள். மழைக்காலத்தில் கலங்கல் வழியும் தரைப்பாலத்திலும் இறங்கித்தான் போக வேண்டும், பாசி வழுக்கும்.

வழி பற்றி: மதுராந்தகத்தில் ஜி.எஸ்.டி. சாலை (சென்னை-திருச்சி நெடுஞ்சாலை) ஏரியை ஒட்டியே போகிறது, ஆனால் அது சைக்கிளுக்கான இடமில்லை. செங்கல்பட்டிலிருந்து கிளம்பினால் படாளம் தாண்டியதும் மேற்கே உள்ரோட்டில் திரும்பிவிடுங்கள். வேடந்தாங்கல், கரிக்கிலி, உத்திரமேரூர் என்ற வரிசை நல்லது. மார்கழி, தையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் உத்திரமேரூர் வரை முதுகில் தள்ளும், செங்கல்பட்டுக்கே திரும்பினால் முழுக்க எதிர்க்காற்று. அங்கிருந்து காஞ்சிபுரம் போய் முடித்துக்கொள்வது காலுக்கு நல்லது, முப்பது கிலோமீட்டருக்குள்தான்.

உத்திரமேரூருக்குப் பத்து மணிக்கு முன்பே போய்ச் சேருங்கள். மூன்று தளத்தில் நின்று, இருந்து, கிடந்த கோலத்தில் சுந்தரவரதர் இருக்கும் பல்லவர் காலக் கோயில் நடுப்பகலில் நடை சாத்திவிடும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு நிறுத்திவிடாமல் ஏரி வாரியத்துக்கு ஆறு பேர் என்று சொல்லும் இடத்தைக் கேட்டுப் பாருங்கள். ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆண்டுதோறும் ஆள் தேர்ந்தெடுத்த ஊர் இது. ஊர் ஏரியான வயிரமேக தடாகத்தைத் தூர் வாரக் கொடை வைத்தவர்களும் உண்டு. முள் மண்டிய கரையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து அந்தச் சுவர் முன் நிற்கும்போது நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது.

நண்பருக்குப் பதில்: வாங்காதே. ஃப்ரேம் நல்லது, கியர் நல்லது, பிரேக் நல்லது, அவ்வளவும் உண்மை. ஆனால் குறைத்த விலை அப்படியே டயருக்கும் டியூப்புக்கும் போய்விடும், அந்த வேலையைச் செய்திருக்க வேண்டியது கம்பெனி. பைக் வால்வும் 40 டயரும் கடைக்காரர் அதே விலையில் மாற்றித் தருவதாக இருந்தால் மட்டும் யோசி.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் முதலில் டியூப்பை மாற்றுங்கள், டயர் கொஞ்சம் பின்னால் வந்தாலும் பரவாயில்லை. பறவை சீசன் நவம்பரில் தொடங்கிவிடும். நெருஞ்சி காய்ந்து கெட்டியாவது தை பிறந்த பிறகுதான், டயருக்கு அதுவரை அவகாசம் இருக்கிறது.