மெல்லிய மூக்குக் குழாய்: அப்பாவுக்குச் சுகம், சமையலறைக்கு வேலை

பக்கவாதம் வந்து விழுங்க முடியாமல் போன அப்பாவை, மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு கொண்டுபோகும் 16ஆம் எண் ரைல்ஸ் டியூபோடுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். முனையில் ஆரஞ்சு நிறம் உள்ள பி.வி.சி. குழாய். மலிவானது, கஞ்சியும் தடையில்லாமல் இறங்கும். ஆனால் வயிற்றுக்குள் கிடந்து சில நாட்களிலேயே விறைத்துவிடும். மூக்கோரம் சிவந்து, அப்பாவின் கை ஓயாமல் அங்கேயே போகும். பிடுங்கிவிடுவாரோ என்று இரவெல்லாம் யாராவது விழித்திருப்போம்.

டாக்டர் சொல்லி இப்போது அதைவிட மெல்லிய, மென்மையான 10ஆம் எண் பாலியூரித்தேன் குழாய்க்கு மாறியிருக்கிறோம். விலை பல மடங்கு அதிகம். அண்ணன் பில்லைப் பார்த்து முகம் சுளித்தான். ஆனால் நன்றாகப் பராமரித்தால் நான்கு முதல் ஆறு வாரம் வரை வைத்திருக்கலாம். அப்பா மூக்கைத் தொடுவதே குறைந்துவிட்டது. கொடுத்த காசு அதற்கே சரியாகப் போயிற்று.

அடுப்படியில்தான் அவதி. துளை சிறியது. கேழ்வரகுக் கஞ்சியைத் துணியில் இரண்டு தடவை வடிகட்டினாலும் சிரிஞ்சிலேயே நின்றுகொண்டு அழிச்சாட்டியம் செய்கிறது. டின்னில் வரும் ஊட்டச்சத்து மாவைக் கட்டியில்லாமல் கரைத்தால் மட்டும் ஒழுங்காக இறங்குகிறது. உணவுக்கு முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர் விட வேண்டும். மாத்திரைகளை ஒன்றாகச் சேர்த்துப் பொடிக்கக் கூடாது. தனித்தனியாகக் கரைத்து, இடையிடையே தண்ணீர் விட வேண்டும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது என்பதால் டாக்டர் சிரப்பாக மாற்றித் தந்தார். அடைத்துக்கொண்டால் சின்ன சிரிஞ்சால் அழுத்தித் தள்ளாதீர்கள்; அழுத்தம் கூடிக் குழாயே கிழியும். பெரிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, அதன் தண்டைப் பொறுமையாக முன்னும் பின்னும் இழுத்து விட வேண்டும்.

இன்னொரு தொல்லை: குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று பார்க்க நர்ஸ் வயிற்று நீரை உறிஞ்சும்போது குழாயின் மெல்லிய சுவர் ஒட்டிக்கொள்கிறது. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். தாளில் 5.5க்குள் காட்டும்வரை அவர் உணவு கொடுக்க விடுவதில்லை. அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

வாங்கும்போது சிரிஞ்சு பொருத்தும் முனையைப் பாருங்கள். எங்களுடையது ஊதா நிறத் திருகு முனை. உணவு தவறி ரத்தக் குழாய்க்குள் போய்விடாதபடி செய்த ஏற்பாடு. சாதாரண சிரிஞ்சு இதில் பொருந்தாது. அதற்குரிய சிரிஞ்சையும் கேட்டு வாங்குங்கள். எங்கள் தெரு மருந்துக் கடையில் அது இல்லை.

சில நாட்களில் வாயால் சாப்பிடத் தொடங்கிவிடுவார் என்றால் பழைய குழாயே போதும். மாதக்கணக்கில் இழுக்கும் என்றால் வயிற்றில் நேராகப் போடும் பெக் குழாயைப் பற்றி டாக்டரிடம் பேசிவிட்டுப் பணத்தை எடுங்கள்.