ஓலான்சபின்: உறக்கத்தோடு பசியையும் கூட்டிய மாத்திரை

மார்த்தாண்டத்தை அடுத்த ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் என் தம்பி, யாரோ தன்னைப் பற்றிப் பேசுவது காதில் விழுவதாகச் சொல்லி இரவெல்லாம் விழித்துக் கிடந்த காலத்தில், மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்தது ஓலான்சபின். மனச்சிதைவுக்கும், மனநிலை மிகுந்த எழுச்சிக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் இருமுனைக் கோளாறில் வரும் மிகை எழுச்சிக்கும் தரப்படும் இந்த மருந்து அமெரிக்காவில் 1996-இல் ஒப்புதல் பெற்றது. அவனுக்கு இரவில் 10 மில்லிகிராம்.

உறக்கம் சில நாட்களிலேயே திரும்பியது. குரல்கள் அடங்கப் பல வாரங்கள் பிடித்தன. இந்த இடைவெளியை யாரும் முன்பே விளக்காவிட்டால், தூங்க வைப்பதைத் தவிர மருந்து வேறொன்றும் செய்யவில்லை என்று வீட்டார் கைவிட்டுவிடக்கூடும். விடியுமுன் பால்வெட்டுக்குக் கிளம்ப வேண்டியவனுக்குக் காலைநேர மந்தம் பெரும் இடைஞ்சலாக இருந்தது. மருத்துவரைக் கேட்டு மாத்திரையைச் சற்று முன்னதாகவே கொடுத்த பிறகு ஓரளவு தெளிந்தான்.

என் பெரிய மனக்குறை பசியைப் பற்றியது. மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் வயிறு நிறையச் சாப்பிட்டவன், சிறிது நேரத்திலேயே அடுக்களைக்குள் வந்து சட்டி சட்டியாகத் திறந்து பார்ப்பான். அதைத் தீனிப்பழக்கம் என்று யாரும் ஏசிவிடக் கூடாது. மூளையில் பசியை அடக்க உதவும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் வேலை செய்யும் ஏற்பிகளையும் இம்மருந்து அடைப்பதால் எழும் பசி அது. எடையோடு இரத்தச் சர்க்கரையும் கொழுப்பும் ஏறக்கூடும் என்பதால், மருந்து தொடங்கும் முன்பும், மூன்றாம் மாதத்திலும், பிறகு ஆண்டுதோறும் பரிசோதனை வேண்டும். நாங்கள் முதலில் காட்டிய தனியார் மருத்துவமனையில் ஒருமுறைகூட அவனை எடை பார்க்கவில்லை. இதைச் சிறிய குறையாக என்னால் எண்ண முடியவில்லை.

பீடி குடிப்பவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. புகை இம்மருந்தைக் கல்லீரலில் விரைவாகச் சிதைய வைக்கிறது; பீடியைத் திடீரென விட்டால் அதே மாத்திரை உடம்பில் கூடுதலாகத் தங்கி மயக்கத்தை மிகுவிக்கும்.

நோய் தீர்ந்துவிட்டது என்று தம்பி ஒருமுறை தானாகவே மாத்திரையை நிறுத்தினான். சில நாட்களில் உறக்கம் போயிற்று. வியர்வை, குமட்டல், பதற்றம் என்று துவண்டுபோனான். மருந்து நின்றதற்கு உடல் காட்டும் எதிர்வினை இது. நோய் திரும்புவது பெரும்பாலும் அதற்குப் பின்னால் மெல்ல வருவது, ஆனால் இரண்டும் கலந்தும் வரலாம் என்பதால் பிரித்தறிவதை மருத்துவரிடமே விட வேண்டும். மீண்டும் தொடங்கி, நன்றாகத் தேறிய பிறகு, அவருடைய மேற்பார்வையில் மாதக்கணக்கில் குறைத்து இப்போது 5 மில்லிகிராமில் நிற்கிறோம். 2.5 மில்லிகிராம் மாத்திரையும் கிடைக்கிறது. அளவு குறையக் குறைய இன்னும் சிறிதுசிறிதாகத்தான் இறங்க வேண்டும் என்கிறார் மருத்துவர்.

என் தம்பியை வேலைக்குத் திரும்ப வைத்த மருந்து என்பதால் இதை மனதார நல்ல மருந்து என்பேன். ஆயினும் குடும்பத்தில் சர்க்கரை நோய் உள்ளவர்கள், எடையை இவ்வளவு கூட்டாத வேறு மருந்து பொருந்துமா என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இடையில் ஐயம் எழுந்தால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.