ஜான் வுடன் பிரமிடு போஸ்டர்: தாள் ஓகே, விஷயம் பாதிதான்

பாஸ்கெட்பால் ஆடுகிற பையன் வீட்டில் இருக்கிறான், அவன் அறைச் சுவர் காலியாக இருக்கிறது, அதனால் வாங்கியது. அமெரிக்கக் கல்லூரி பாஸ்கெட்பால் கோச் ஜான் வுடனின் 'பிரமிட் ஆஃப் சக்சஸ்' போஸ்டர், வெற்றிக்கு வேண்டிய குணங்களைப் பிரமிடு மாதிரி கட்டம் கட்டமாக அடுக்கிய படம், ஏ3 அளவு, பளபளப்புத் தாள். குழாயில் சுருட்டி அனுப்பியிருந்தார்கள், மூலை எதுவும் மடங்கவில்லை, கனமான புத்தகங்களை மேலே வைத்ததில் ஒரே ராத்திரியில் நிமிர்ந்துவிட்டது. அச்சு சுத்தம். குறை என்னவென்றால் டியூப்லைட் வெளிச்சம் நேராக அதன் மேல் அடிக்கிறது, எதிரே நின்று பார்த்தால் நடுக்கட்டங்கள் வெள்ளையாகத்தான் தெரிகின்றன. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பொடி எழுத்தில் ஒன்றிரண்டு வரி விளக்கம் இருக்கிறது, அதைப் படிக்கச் சுவரை ஒட்டிப் போய் நிற்க வேண்டும். ஏ4 வாங்குகிறவர்கள் பூதக்கண்ணாடியும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மொத்தம் 15 கட்டங்கள். அடிவரிசையில் ஐந்து, அதில் ஒரு மூலையில் உழைப்பு, மறுமூலையில் உற்சாகம், நடுவில் நட்பு, விசுவாசம், ஒத்துழைப்பு. அதற்கு மேல் நான்கு, மூன்று, இரண்டு என்று குறைந்து, உச்சியில் போட்டியின்போது தன் முழுத் திறமையையும் வெளிக்கொண்டுவரும் குணம். எல்லாம் நல்ல விஷயங்கள்தான், யாரும் மறுக்க முடியாது. கீழே ஒரு வரியில் அவர் கோச்சாக இருந்த யுசிஎல்ஏ பல்கலைக்கழகம், 10 தேசியப் பட்டங்கள் என்று போட்டு முடித்துவிட்டார்கள். எனக்குப் பிரச்சினையே அந்த ஒரு வரிதான். படத்தையும் அந்த வரியையும் சேர்த்துப் பார்க்கிறவன் இதைப் பின்பற்றியதால் அது கிடைத்தது என்றுதானே நினைப்பான்?

நடந்தது அப்படி இல்லை. வுடன் இந்தப் பிரமிடை யோசிக்க ஆரம்பித்தது 1934 வாக்கில், பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தபோது. பிள்ளைக்கு மார்க் குறைந்தால் பெற்றோர் கொதிப்பதைப் பார்த்து, வெற்றி என்றால் என்ன என்று தனக்குத்தானே எழுதிப் பார்த்திருக்கிறார். 1948-ல் யுசிஎல்ஏவுக்கு வரும்போது படம் முழுசாகத் தயார். முதல் தேசியப் பட்டம் 1964-ல்! கையில் அதே பிரமிடு, அதே கோச், ஆனால் 16-வது சீசனில்தான் கோப்பை வந்தது. அதுவரை டீம் பிராக்டிஸ் செய்தது பழைய ஜிம்மில், அதே கூரைக்குக் கீழே ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்களும் மல்யுத்தக்காரர்களும் இருப்பார்கள், தூசி பறக்கும். பிராக்டிஸுக்கு முன்னால் கோச்சே துடைப்பத்தை எடுத்துத் தரையைப் பெருக்கியிருக்கிறார்.

அப்புறம் என்ன மாறியது? வால்ட் ஹசார்ட், கெயில் குட்ரிச் மாதிரி ஆட்டக்காரர்கள் வந்தார்கள். எதிர் டீம் பந்தை உள்ளே எடுத்த நொடியிலிருந்து கோர்ட் முழுக்க நெருக்கும் ஜோன் பிரஸ் தடுப்பை ஆடலாம் என்று துணைக் கோச் ஜெர்ரி நார்மன் வற்புறுத்தினார், வுடன் கேட்டுக்கொண்டார். ஆறடி ஐந்து அங்குலத்தைத் தாண்டிய ஆள் ஒருவர்கூட முதல் ஐந்தில் இல்லாத அந்த டீம் 30 மேட்ச் ஆடி 30-லும் ஜெயித்தது. 1965-ல் பாலி பெவிலியன் என்ற பெரிய அரங்கம் வந்தது, பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் ஆன லூ அல்சிண்டர் வந்தார், 1967 முதல் 1973 வரை தொடர்ந்து ஏழு பட்டம். 1975-ல் பத்தாவதை வாங்கிய கையோடு ஓய்வு.

போஸ்டரில் இருந்திருக்க வேண்டியது இன்னொன்று, சாக்ஸ். சீசனின் முதல் பிராக்டிஸில் நாடறிந்த ஆட்டக்காரர்களை உட்கார வைத்து சாக்ஸ் போடக் கற்றுக்கொடுப்பார். விரல் நுனியில் இழுத்து, குதிகாலைச் சுற்றிக் கையால் தடவி, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் பார்த்து, அப்புறம்தான் ஷூ, அதுவும் காலை அளந்து சரியான சைஸில், கயிற்றைத் துளைத்துளையாக இறுக்கி. சுருக்கம் இருந்தால் கொப்புளம், கொப்புளம் வந்தால் பிராக்டிஸ் போச்சு. தினசரிப் பிராக்டிஸை நிமிஷக் கணக்கில் சின்ன அட்டைகளில் எழுதி வைத்துக்கொள்வார், போன வருஷம் இதே நாளில் என்ன செய்தோம் என்று பழைய குறிப்பை எடுத்துப் பார்ப்பார். 1974-75 சீசனில் காலிமோர், தார்ப் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓரமாக உட்கார்ந்து அவர் வாயிலிருந்து வந்ததை எல்லாம் எண்ணினார்கள். 2,326 எண்ணிக்கையில் வெறும் பாராட்டு 7 சதவீதம்கூடத் தேறவில்லை. பெரும்பகுதி இப்படிப் பிடி, இங்கே நில் என்கிற சின்னச் சின்னப் பாடங்கள்தான். நம் ஊர் கிரவுண்டில் 'சபாஷ்டா', 'முட்டாள்' இரண்டை மட்டுமே வைத்து ஓட்டும் கோச்சுகள் பார்க்க வேண்டிய கணக்கு.

விசுவாசம் என்ற கட்டத்துக்கும் ஒரு கதை உண்டு, போஸ்டரில் கிடையாது. 1947-ல் இண்டியானா ஸ்டேட் டீமுக்குக் கோச்சாக இருந்தபோது தேசியப் போட்டிக்கு அழைப்பு வந்தது, கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு அங்கே இடமில்லை. டீமில் கிளாரன்ஸ் வாக்கர் என்ற கறுப்பின ஆட்டக்காரர் இருந்தார். வுடன் அழைப்பையே மறுத்துவிட்டார். அடுத்த வருஷம் விதி மாறியது, வாக்கரோடு போனார்கள்.

புகழ்ச்சியாகவே எழுதிக்கொண்டு போனால் நியாயமில்லை. சாம் கில்பர்ட் என்ற பணக்கார ரசிகர் அந்தக் காலத்து யுசிஎல்ஏ ஆட்டக்காரர்களோடு ரொம்ப நெருக்கம். வுடன் ஓய்வு பெற்ற பிறகு, 1981-ல், இவரும் சம்பந்தப்பட்ட விதிமீறல்களுக்காக யுசிஎல்ஏ தண்டனை வாங்கியது, 1980-ல் பிடித்த இரண்டாம் இடமும் பறிபோனது. வுடன் மேல் நடவடிக்கை எதுவும் இல்லை என்றாலும், அவர் காலத்தில் கில்பர்ட்டைப் பற்றி எவ்வளவு தெரிந்து வைத்திருந்தார் என்ற கேள்வியை அமெரிக்காவில் இன்னும் கேட்கிறார்கள்.

சரி, வாங்கலாமா? பிள்ளைகள் அறைக்கு, கோச்சிங் சென்டருக்கு என்றால் வாங்கலாம், ஆனால் ஏ2-க்குக் குறையாமல், மேட் தாளில். ஃப்ரேம் போடுகிற கடையில் கண்ணாடி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூடவே 2001-ல், 90 வயதில், அவர் டெட் (TED) என்ற சொற்பொழிவு மேடையில் பேசியது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டுங்கள். தாமதமாக வராதே, கெட்ட வார்த்தை பேசாதே, கூட ஆடுகிறவனைக் குறை சொல்லாதே என்று மூன்று விதி சொல்வார். என் வீட்டில் வேலை செய்தது அந்த மூன்றாவதுதான், அதுவும் தங்கச்சி விஷயத்தில் இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.