ஐஸ் போட்ட கிளாஸா, குளிர்ந்த பாட்டிலா?

உணவகத்தில் குளிர்பானத்தைச் சில்லென்று கொடுக்கப் பெரும்பாலும் இரண்டு வழிகள்தான். பாட்டிலை முன்கூட்டியே கூலரில் வைத்து நன்றாகக் குளிரவைத்து, அப்படியே மேசைக்குக் கொண்டுபோகலாம். இல்லையென்றால், அலமாரியில் சும்மா இருக்கும் பாட்டிலைத் திறந்து, கிளாஸ் நிறைய ஐஸ் போட்டு ஊற்றிக் கொடுக்கலாம். நாங்கள் நடத்தும் சிறிய உணவகத்தில் இந்த இரண்டில் ஒன்றை முடிவு செய்ய வேண்டி வந்தபோது கூலர்தான் என்று முடிவெடுத்தோம். பாட்டில் குளிர்ந்திருக்க வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஐஸ் பக்கம் இருக்கும் வசதிகளைச் சொல்லிவிடுகிறேன். பெரிய கூலருக்கு இடம் ஒதுக்க வேண்டாம். எத்தனை வகை பானம் வைத்திருந்தாலும் எல்லாவற்றையும் கேட்டவுடன் கொடுக்கலாம். திடீரென்று கூட்டம் வந்தால் ‘கூலிங் தீர்ந்துவிட்டது’ என்று கைவிரிக்க வேண்டியதில்லை. கிளாஸும் பார்க்க நிறைவாக இருக்கும். இதெல்லாம் உண்மைதான். ஆனால் இவை அனைத்தும் பரிமாறுகிறவருக்கு இருக்கும் வசதிகள். குடிக்கிறவர் பக்கம் வந்தால் கேள்வி ஒன்றுதான்: மூடியைத் திறக்கும் நொடியில் பானம் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது? அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

கோலா போன்ற பானங்களில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய மூன்றரை லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வாயுவை அழுத்தத்தில் கரைத்து வைத்திருக்கிறார்கள். மூடி திறந்ததும் அந்த அழுத்தம் போய்விடுகிறது. அதன் பிறகு வாயு எவ்வளவு வேகமாக ஓடும் என்பதில் வெப்பநிலைக்குப் பெரிய பங்கு உண்டு. சாதாரணக் காற்றழுத்த அளவில், 4 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் சுமார் ஒன்றரை லிட்டர் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து வைக்கும். அதே நீர் 30 டிகிரியில் இருந்தால் அதில் பாதிகூடத் தங்காது. வெதுவெதுப்பான பாட்டிலைத் திறந்தால் சீறிக்கொண்டு பொங்குவதும், குளிர்ந்த பாட்டில் ‘உஸ்’ என்று அடங்கிவிடுவதும் இதனால்தான்.

இப்போது அந்த வெதுவெதுப்பான பானத்தை ஐஸ் மேல் ஊற்றுகிறோம். ஐஸ் கட்டியின் மேற்பரப்பு சொரசொரப்பானது. ஃப்ரீசரிலிருந்து அப்போதுதான் எடுத்தது என்றால் மேலே பூத்த உறைபனி வேறு இருக்கும். அந்தச் சின்னச் சின்னப் பள்ளம் ஒவ்வொன்றிலும் குமிழி பிறக்கும். கிளாஸ் நுரைத்து மேலே வருகிறது. பரிமாறுகிறவர் நுரை அடங்கும்வரை காத்திருந்து மறுபடி ஊற்றுகிறார். பானம் வாய்க்குப் போவதற்குள்ளேயே கேஸில் ஒரு பங்கு காற்றோடு போய்விடுகிறது. பிறகு அது என்னதான் குளிர்ந்தாலும் போன கேஸ் திரும்பி வராது. ஐஸை ஒருமுறை தண்ணீரில் அலசிவிட்டு ஊற்றினால் நுரை குறையும் என்பது உண்மை. ஆனால் கூட்ட நேரத்தில் எத்தனை பேர் அதைச் செய்வார்கள்?

அடுத்தது தண்ணீர். இதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். ஒரு கிராம் ஐஸ் உருகும்போது 334 ஜூல் வெப்பத்தை உறிஞ்சும். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி குளிரவைக்க 4.18 ஜூலை வெளியே எடுக்க வேண்டும். 300 மில்லி பானத்தை 30 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டுமானால், ஏறக்குறைய 90 கிராம் ஐஸ் உருகியாக வேண்டும். அதாவது கிளாஸில் இருப்பதில் கால்வாசி வெறும் தண்ணீர். கேஸும் குறைந்து, சுவையும் நீர்த்துப்போன ஒன்றைத்தான் வாடிக்கையாளர் காசு கொடுத்துக் குடிக்கிறார். அதே பாட்டில் 5 டிகிரியில் குளிர்ந்திருந்தால், அதை 0 டிகிரி வரை இறக்கினாலும் 20 கிராமுக்கும் குறைவாகவே உருகும்.

ஆனாலும் எனக்கு ஐஸ் மேல் பகை எதுவும் இல்லை. குளிர்ந்ததைக் குளிர்ச்சியாகவே வைத்திருக்க ஐஸ் அருமையான பொருள். வெதுவெதுப்பானதைக் குளிரவைக்கும் வேலையை அதன் தலையில் கட்டும்போதுதான் சிக்கல். கூலரிலிருந்து வரும் பாட்டிலுடன், கேட்கிறவருக்குத் தனிக் கிளாஸில் நாலு கட்டி ஐஸ் கொடுத்தால் அதைவிடச் சிறப்பு வேறில்லை. சாப்பாடு முடிய நேரமாகும், அறையும் சூடாக இருக்கிறது என்றால் குளிர்ந்த பாட்டிலும் மெல்லச் சூடேறத்தான் செய்யும். அங்கே ஐஸ் கைகொடுக்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் குடித்து, மீதியை மூடி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

நாக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது. குளிர்பானத்தின் சுருக்கென்ற சுவை குமிழி வெடிப்பதால் மட்டும் வருவதில்லை. கரைந்த வாயு நாக்கில் கார்பானிக் அமிலமாக மாறுவதால் வருகிறது. புளிப்பை உணரும் செல்களில் இருக்கும் ஒரு நொதிதான் அந்த மாற்றத்தைச் செய்கிறது என்று 2009இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. குளிர்ச்சி அந்தச் சுருக்கைக் கூட்டிக் காட்டும். இனிப்பை அடக்கிக் காட்டும். கோலாவில் 100 மில்லிக்குப் பத்து கிராமுக்குச் சற்று மேலாகச் சர்க்கரை இருக்கிறது. அந்த அளவு சர்க்கரையை வெதுவெதுப்பாகக் குடித்தால் திகட்டுகிறது. பானத்தைத் தயாரித்தவர்கள் குளிர்ச்சியை மனத்தில் வைத்துத்தான் இனிப்பை அளந்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

சரி, பராமரிப்புக்கு வருவோம். கூலர் வாங்கி வைத்தால் வேலை முடிந்துவிடாது. உள்ளே 3, 4 டிகிரி நிலையாக இருக்கிறதா என்று ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகியில் இருக்கும் எண்ணை நம்பக் கூடாது. காற்று சுற்ற இடம் விட்டு அடுக்க வேண்டும். கூலரின் வெப்பத்தை வெளியே தள்ளும் கண்டென்சரில் தூசி படிந்தால் மோட்டார் ஓயாமல் ஓடும், குளிர் மட்டும் வராது. கதவு ரப்பர் தளர்ந்தாலும் அதே கதைதான். எல்லாவற்றையும்விட முக்கியம், புதிதாக வந்த பாட்டில்களைப் பின்னால் அடுக்கி, பழையதை முன்னால் நகர்த்துவது. கூலர் வைத்திருக்கும் பல இடங்களில் அரைகுறைக் குளிரில் பாட்டில் வருவதற்குக் காரணம் இயந்திரம் இல்லை. காலையில் காலியான இடத்தில் புதிய பாட்டிலை முன்னால் செருகி, மதியம் அதையே எடுத்துக் கொடுப்பதுதான் காரணம். அசையாத காற்றில் ஒரு பாட்டில் உள்வரை குளிரப் பல மணி நேரம் ஆகும். ஒன்றரை லிட்டர் பாட்டில் என்றால் இன்னும் கூடும். முந்தின இரவே அடுக்கிவிடுவது நல்லது. குளிர் அதிகமாக அடிக்கும் பின்சுவரை ஒட்டி டயட் வகைகளை வைக்காமல் இருப்பதும் நல்லது. சர்க்கரை இல்லாததால் அவை முதலில் உறையும். உறைந்தால் கேன் பிதுங்கும்.

ஐஸுக்குப் பராமரிப்பு குறைவு என்று நினைப்பவர்கள் உண்டு. ஐஸும் உணவுதான். உறையவைத்தால் கிருமி செத்துவிடும் என்று நம்ப முடியாது. நல்ல தண்ணீர் வேண்டும், பெட்டியை அடிக்கடி கழுவ வேண்டும், கையை விட்டு அள்ளக் கூடாது. கண்ணாடி கிளாஸையே உள்ளே விட்டு அள்ளும் பழக்கம் மிக ஆபத்தானது. விளிம்பு ஒரு துளி உடைந்தாலும் ஐஸுக்குள் கண்ணாடித் துண்டு கண்ணுக்குத் தெரியாது. பெட்டி முழுவதையும் கொட்டியாக வேண்டும். மூடியிட்ட பாட்டிலுக்கு இந்தக் கவலைகள் எதுவும் இல்லை.

சிரப்பையும் கேஸ் ஏற்றிய தண்ணீரையும் குழாயில் கலந்து தரும் இயந்திரங்களும் இருக்கின்றன. அவற்றை நான் நடத்தியதில்லை, வாடிக்கையாளராகக் குடித்ததோடு சரி. பொதுவாக ஒரு பங்கு சிரப்புக்கு ஐந்து பங்கு கேஸ் தண்ணீர் சேர்ப்பார்கள். அந்தத் தண்ணீர் குளிர்ந்திருந்தால்தான் அதில் கேஸ் ஒழுங்காக ஏறும் என்பதால், இயந்திரத்துக்குள்ளேயே குளிரவைக்கும் ஏற்பாடு இருக்கும். எனவே அங்கே ஐஸ் போடுவதை நான் குறை சொல்ல மாட்டேன்.

குளிர்ச்சி வேண்டாம் என்பவர்களும் வருவார்கள். பல் கூசும், தொண்டைக்கு ஆகாது என்பார்கள். அவர்களுக்காக ஒவ்வொரு வகையிலும் சில பாட்டில்களை வெளியே வைத்தால் போதும். குளிர்ந்ததை உடனடியாகச் சூடாக்கிக் கொடுக்க முடியாது என்பதால், இதை முன்பே யோசித்து வைக்க வேண்டும்.

கூலருக்கு இடமே இல்லாத கடைகளுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஐஸைக் கிளாஸுக்குள் போடாமல் பாட்டிலுக்கு வெளியே போடலாம். அகலமான வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் ஊற்றிப் பாட்டில்களைக் கழுத்துவரை அமிழ்த்தி வைத்தால், கூலரைவிட வேகமாகக் குளிரும். காற்றைவிடத் தண்ணீர் வெப்பத்தைப் பல மடங்கு வேகமாகக் கடத்தும் என்பதால் கேன்களுக்கு அரை மணி நேரமே தாராளம். தடித்த பிளாஸ்டிக் பாட்டிலுக்குக் கொஞ்சம் கூட ஆகும். வெறும் ஐஸைக் குவித்துப் பாட்டிலைச் செருகுவது இந்த வேகத்தைத் தராது, இடையில் காற்று நிற்கும். அவசரம் என்றால் ஒரு கை உப்புப் போட்டு அவ்வப்போது பாட்டிலைத் திருப்பிவிடலாம். ஆனால் எடுத்ததும் மூடியையும் கழுத்தையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்த பிறகே மேசைக்கு அனுப்ப வேண்டும்.