பழைய சிறிய கார்: பழுதுகளும் செலவும்

ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய நிலையில் நான் வாங்கிய இந்தச் சிறிய பெட்ரோல் கார், நெரிசலில் எளிதாக வளைந்து செல்வதிலும் எரிபொருள் சிக்கனத்திலும் இன்றும் பாராட்டத்தக்கதாகவே இருக்கிறது. ஆனால், வாங்கும் விலையோடு கணக்கை முடித்துக்கொள்ளக் கூடாது.

முதலில் தேய்ந்தது கிளட்ச். கியர்பாக்ஸைக் கழற்றி இறக்காமல் அதை மாற்ற முடியாது என்பதால், உதிரிபாகத்தின் விலைக்கு நிகராகக் கூலியும் கொடுக்க வேண்டியிருந்தது. மேடுபள்ளங்களில் கேட்ட கடகட ஒலிக்குக் காரணம் சாலை அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷனின் தேய்ந்த ரப்பர் புஷ்கள்தான். அது சிறு செலவு.

மிகுந்த கவனம் கோருவது, எஞ்சினின் பிஸ்டன்களும் வால்வுகளும் ஒத்திசைந்து இயங்கச் செய்யும் டைமிங் பெல்ட். ஓட்டத்தில் அது அறுந்துவிட்டால், பல எஞ்சின்களில் பிஸ்டன்கள் வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும்; அப்போது ஆகும் செலவு சில நேரங்களில் காரின் மதிப்பையே எட்டிவிடும். முந்தைய உரிமையாளரிடம் அதற்கான ரசீது இல்லாததால், பெல்ட் மாற்றப்படவில்லை என்றே கொண்டு, அதே பெல்ட்டால் இயங்கி, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை (கூலன்ட்) சுழற்றும் வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றினேன். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் பிரிக்கும் கூலி ஒருமுறைதான். கூலன்ட் அடிக்கடி குறையும் காரையும், பராமரிப்பு ரசீதுகள் இல்லாமல் அதிக விலை சொல்லப்படும் காரையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.